நாலு குப்பியின் கதை

குப்பி ஒன்றுக்கு 6 மில்லி. அப்படி நாலு குப்பி. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் மேலே தெளிந்த நீர். அடியில், அரிசி களைந்த தண்ணீரை ஓரமாக வைத்தால் படியுமே, அதுபோல வெள்ளையாக ஒரு படிவு. அந்தப் படிவுதான் மருந்து. குப்பிக்கு 3 கோடி வீதம் நாலிலும் சேர்த்து 12 கோடி செல்கள், அத்தனையும் உயிரோடு. ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. உறைய வைத்தால் போச்சு. 15 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். விற்பனைக்கு வந்த புதிதில் அதற்கு விதித்திருந்த ஆயுள் 48 மணி நேரம். அதற்குள் விமானமோ வேனோ ஏறி, எங்கோ ஒரு ஊரின் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய், மயக்கத்தில் படுத்திருக்கும் ஒருவரின் ஆசனவாயைச் சுற்றி ஊசியாக இறங்கிவிட வேண்டும்.

டார்வாட்ஸ்ட்ரோசெல் என்பது இதன் மருத்துவப் பெயர். கடைப் பெயர் அலோஃபிசெல். 'ஸ்டெம் செல் அதிசயம்' என்று பத்திரிகையில் படிக்கிற சங்கதிகள் பெரும்பாலும் எலியோடு நின்றுவிடும். இது எலியைத் தாண்டி மனிதரிடம் வந்தது, அரசு முத்திரை வாங்கியது, விலைப்பட்டியலில் ஏறியது, கடைசியில் ஐரோப்பியச் சந்தையை விட்டே இறங்கியது. பிறப்பிலிருந்து முழு ஜாதகமும் எழுதக் கிடைக்கிற ஸ்டெம் செல் மருந்து அபூர்வம் என்பதால்தான் இதைக் கையில் எடுத்தேன்.

முதலில், இது யாருக்காகப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

குடலைத் தன் உடம்பின் காவல்படையே தாக்கிப் புண்ணாக்குகிற நோய்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்; பெருங்குடலின் உள்தோலோடு நிற்கும். இன்னொன்று க்ரோன் நோய். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், வந்த இடத்தில் குடல் சுவரின் முழுத் தடிமனையும் அரிக்கும். 1932இல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த புரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் இதைப் பற்றி எழுதினார்கள். ஆங்கில அகரவரிசையில் முன்னால் நின்ற புண்ணியத்தில் நோய்க்கு க்ரோன் பெயர் வந்தது. அவருக்கு 19 வருடம் முன்பே ஸ்காட்லாந்தில் டால்சீல் என்ற அறுவை மருத்துவர் இதையே எழுதியிருந்தார். அவர் பெயர் நூலகத்தோடு நின்றுவிட்டது. நம் பக்கத்தில் இந்த நோய்க்கு இன்னொரு சங்கடம் உண்டு. வயிற்றுவலி, எடை இறங்குவது, மாலைக் காய்ச்சல் எல்லாம் குடல் காசநோயை அப்படியே உரித்து வைத்தாற்போல இருக்கும். க்ரோன் என்று தெரிவதற்குள் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறைய.

சுவரின் முழுத் தடிமனையும் அரிக்கிற நோய் என்றேன் அல்லவா, அதன் மோசமான விளைவு பௌத்திரம். நம் வீடுகளில் யாரும் இதை உரக்கச் சொல்வதில்லை. 'மூலம்' என்று பொதுவாகச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். மூலம் வேறு, பௌத்திரம் வேறு. மலக்குடலின் உள்ளே ஒரு துளை விழுந்து, அங்கிருந்து எலிவளை போல ஒரு பாதை தசையைக் குடைந்துகொண்டு போய், ஆசனவாய்க்குப் பக்கத்துத் தோலில் இன்னொரு வாயாகத் திறக்கும். உள்வாய், வெளிவாய், நடுவில் வளை. சீழும் சில சமயம் மலமும் கசிந்துகொண்டே இருக்கும். பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடியும். வெளியே கிளம்பினால் மாற்றுத் துணி எடுத்துப் போக வேண்டும். வரன் பார்க்கிற வயதில் வந்தால் வீட்டில் மூச்சுவிட மாட்டார்கள். க்ரோன் நோய் பெரும்பாலும் அந்த வயதில்தான் தொடங்கும் என்பது கொடுமை.

சாதாரண பௌத்திரத்தை நீளவாக்கில் அறுத்துத் திறந்துவிட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயிக்கு 1686 நவம்பரில் ஃபெலிக்ஸ் என்ற சர்ஜன் செய்தது அதைத்தான். அரசர் மேல் கத்தி வைக்கும் முன் பாரிஸ் ஏழை நோயாளிகள் மேல் பழகிப் பார்த்தார் என்பது அந்தக் கதையின் மறுபாதி. க்ரோன் பௌத்திரம் இந்த வைத்தியத்துக்கு மசியாது. அது கிளை விடும். மலத்தை அடக்கும் சுருக்குத் தசையைக் குறுக்கே கடந்து போகும். அதை அறுத்தால் சீழ் நிற்கும், ஆனால் மலம் அடங்காது. ஆகவே பெரும்பாலும் அறுக்காமல் ஒரு நூலையோ ரப்பர் இழையையோ வளைக்குள் விட்டு, வெளியே எடுத்துத் தளர்வாக முடிந்துவிடுவார்கள். செட்டான் என்று பெயர். வெளிவாய் மூடிக்கொண்டு உள்ளே சீழ்க்கட்டி சேராமல் வடிந்துகொண்டிருக்க அது வழி. கிரேக்க ஹிப்போகிரட்டீஸ் காலத்தில் குதிரை முடி போட்டார்கள். நம் ஆயுர்வேதத்தில் க்ஷார சூத்திரம் என்று காரம் ஏற்றிய நூல் உண்டு. அது வடிப்பதோடு மெல்ல அறுக்கவும் செய்யும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே அதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டு, நூலில் ஆற நாளாகிறது, ஆனால் திரும்ப வருவது குறைவு என்று 1991இல் வெளியிட்டது. அது சாதாரண பௌத்திரத்துக்கு. க்ரோன் நோயாளி அந்தத் தளர்ந்த நூலோடு வருடக்கணக்கில் உட்கார்ந்து எழ வேண்டியதுதான்.

1998இல் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி க்ரோன் நோய்க்கு வந்தது. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் பௌத்திரத்தில் அதைச் சோதித்தபோது, முதல் ஊசிகளுக்குப் பலன் தெரிந்து தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களிலேயே ஓராண்டு முடிவில் எல்லா வாயும் மூடியிருந்தவர்கள் 36 சதவீதம். பிறகு வெற்று ஊசிக்கு மாற்றப்பட்டவர்களில் 19 சதவீதம். நூறு பேரில் அறுபதுக்கு மேல் மிச்சம். நாலு குப்பி இவர்களுக்காகத்தான்.

இனி சரக்கின் பூர்வீகம்.

தொப்பையையும் இடுப்பையும் இளைக்கவைக்கக் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள் அல்லவா, லிப்போசக்‌ஷன். உறிஞ்சிய மஞ்சள் குழம்பு அதுவரை குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2001இல் பாட்ரிசியா சுக் என்ற ஆய்வாளரும் அவரது அமெரிக்க சகாக்களும் அந்தக் குழம்பில் ஒரு விசேஷமான செல் இருப்பதைக் காட்டினார்கள். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, தசை என்று பல வழிகளில் திரும்பக்கூடிய செல். இதே மாதிரி செல்லை எலும்பு மஜ்ஜையில் சோவியத் விஞ்ஞானி ஃப்ரீடன்ஸ்டைன் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். மஜ்ஜை எடுக்க இடுப்பெலும்பைக் குத்த வேண்டும். வலி அதிகம், கிடைப்பது கொஞ்சம். கொழுப்போ தானம் கொடுப்பவர் 'எடுத்தால் சந்தோஷம்' என்று சொல்லிக் கொடுக்கிற ஒரே திசு.

கொழுப்பிலிருந்து அந்தச் செல்லைப் பிரிக்கிற முறை சமையல்கட்டுக்குப் பரிச்சயமானதுதான். ரத்தம் போகக் கழுவுவார்கள். கொலாஜினேஸ் என்ற நொதியை ஊற்றி 37 டிகிரியில் வைத்தால் செல்களைப் பிணைத்திருக்கும் நார் கரையும். பிறகு மோர் கடைவதைப் போல வேகமாகச் சுழற்றினால் எண்ணெய்ச் சத்து மேலே மிதக்கும், வேண்டிய செல்கள் அடியில் உட்காரும். அந்த அடிவண்டலைப் பிளாஸ்டிக் தட்டில் ஊட்டநீரோடு பரப்புவார்கள். ஸ்டெம் செல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ரத்த செல்கள் போன்றவை ஒட்டாமல் மிதக்கும். மறுநாள் நீரை மாற்றும்போது மிதந்தவை போய்விடும். ஒட்டியவை நூற்புக்கதிர் மாதிரி இரு முனையும் கூர்ந்து நீண்டு, தட்டு நிறையும்வரை பெருகும். நிறைந்ததும் பெயர்த்து எடுத்து, பிரித்து, பல தட்டுகளில் மறுபடி நடுவார்கள். நாற்றங்காலிலிருந்து வயலுக்குப் பிடுங்கி நடுவதுதான்.

இந்தச் செல்லின் பெயரே ஒரு வழக்கு. 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரை 1991இல் பரப்பியவர் அமெரிக்கரான ஆர்னால்ட் கேப்லன். அதே கேப்லன் 2017இல், 'பெயரை மாற்றுங்கள், இது ஸ்டெம் செல் இல்லை' என்று கட்டுரை எழுதினார். காரணம் இருந்தது. தட்டில் எலும்பாகவும் கொழுப்பாகவும் மாறுகிற இந்தச் செல், உடம்புக்குள் செலுத்தினால் புதிய திசுவாக மாறுவதில்லை. சில வாரங்களில் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. ஆனால் இருக்கிற நாளில், சுற்றிலும் அழற்சி கொதிப்பது தெரிந்தால் அதற்கேற்ப வேலை செய்கிறது. இன்டர்ஃபெரான் காமா என்ற போர்ச் சமிக்ஞையைக் கேட்டதும் தனக்குள் ஒரு நொதியை உண்டாக்கி, சண்டைக்கார டி-செல்களுக்கு வேண்டிய ட்ரிப்டோஃபேன் சத்தை அந்த வட்டாரத்தில் தீர்த்துவிடுகிறது. பட்டாளத்துக்குச் சோறு கிடைக்காவிட்டால் சண்டை ஓயும் என்பது கணக்கு. ஆக, மக்கள் நினைப்பது போல இது ஓட்டையை அடைக்கிற சிமெண்ட் கிடையாது. பஞ்சாயத்துக்கு வந்து பேசிவிட்டுப் போகிற ஆள். பாதி விளம்பரங்கள் இந்த வித்தியாசத்தில்தான் ஏமாற்றுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

கொழுப்பும் பௌத்திரமும் சந்தித்தது மாட்ரிட் நகரில், லா பாஸ் மருத்துவமனையில். டாமியான் கார்சியா ஓல்மோ என்ற சர்ஜன் அங்கே க்ரோன் பௌத்திரங்களோடு மல்லாடிக்கொண்டிருந்தார். மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே பௌத்திரம் விழுந்த ஒரு இளம்பெண்ணுக்கு, அவருடைய கொழுப்பிலிருந்தே செல் எடுத்து வளர்த்து, துளையின் ஓரத்தில் செலுத்தினார். துளை மூடியது. 2003இல் அந்தச் செய்தி வெளியானது. பிறகு 2005இல் சிறிய முதல்கட்டச் சோதனை: பின்தொடர்ந்து பார்த்த எட்டு பௌத்திரங்களில் ஆறு மூடின. 2009இல் இரண்டாம் கட்டம், 49 பேர். செல்லும் ஃபைப்ரின் பசையும் சேர்த்துப் போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்கு ஆறியது, வெறும் பசை போட்டவர்களில் 16 சதவீதம்.

71க்கு 16. இந்த இடைவெளியைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். 2004இலேயே மாட்ரிடில் செல்லெரிக்ஸ் என்று ஒரு கம்பெனி இதற்காகக் கிளம்பியிருந்தது. க்ரோன் இல்லாத சாதாரண பௌத்திர நோயாளிகள் 200 பேரிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். 2012இல் முடிவு வந்தது: ஆறு மாத வாக்கில் செல் மட்டும் போட்டவர்களில் 39 சதவீதம், செல்லும் பசையும் 43 சதவீதம், வெறும் பசை 37 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்த முறையைத் தொடங்கிய மருத்துவமனையின் நோயாளிகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் செல் போட்டவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். சின்னக் கூட்டம் அது. பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் இந்தக் கதையில் முதன்முதலாகக் கைப்பழக்கம் என்கிற விஷயம் தலைகாட்டியது அங்கேதான். அப்போது யாரும் அதை அவ்வளவாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

கம்பெனிக்கு வேறொரு கவலை. நோயாளியின் கொழுப்பிலிருந்தே செல் எடுப்பது தையற்காரர் அளவெடுத்துத் தைப்பது போன்றது. ஒவ்வொருவருக்கும் தனி வளர்ப்பு, தனிப் பரிசோதனை, வாரக்கணக்கில் காத்திருப்பு. க்ரோன் நோயாளிகளோ எலும்பும் தோலுமாக இருப்பவர்கள். அவர்களிடம் போய்க் கொழுப்பு கேட்பதில் கொஞ்சம் கூச்சமும் இருந்திருக்கும். தென் கொரியா இந்தத் தையற்காரர் வழியிலேயே போய் 2012இல் க்யூபிஸ்டெம் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. மாட்ரிட்காரர்கள் ரெடிமேட் சட்டைக்குத் திரும்பினார்கள். ஆரோக்கியமான ஒருவரின் கொழுப்பு, அதிலிருந்து ஒரு செல் வங்கி, திரவ நைட்ரஜனில் உறங்கும் இருப்பு, ஆர்டர் வந்ததும் எழுப்பி வளர்த்து அனுப்புவது. யார் கொழுப்போ யாருக்கோ. பிறர் செல்லை உடம்பு விரட்டாதா என்று கேட்பீர்கள். இந்தச் செல்கள் தம் அடையாள அட்டையை அதிகம் வெளியே காட்டுவதில்லை. விரட்டப்படும் முன்பே வேலையை முடித்துவிட்டால் போதும் என்பதும் ஒரு கணக்கு.

நாலு குப்பி என்ற உருவம் அப்போது வந்தது. செல்லெரிக்ஸ் 2011இல் பெல்ஜியத்தின் டைஜெனிக்ஸ் கம்பெனியோடு இணைந்தது. ஏழு ஐரோப்பிய நாடுகளும் இஸ்ரேலும் சேர்ந்த 49 மருத்துவமனைகளில் 212 க்ரோன் நோயாளிகளிடம் 'அட்மையர்' என்ற சோதனை நடந்தது. தலைமை, பார்சிலோனாவின் ஹுலியான் பனேஸ். பாதிப் பேருக்கு 12 கோடி செல், மீதிப் பேருக்கு அதே 24 மில்லி சலைன், அதாவது உப்புநீர்.

தியேட்டரில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சில வாரம் முன்பே நோயாளியை மயக்கி வளையைச் சுத்தம் செய்து செட்டான் போட்டு, சீழ் வடிய விட்டிருப்பார்கள். ஊசி போடும் நாளில் செட்டானை உருவுவார்கள். சின்னக் கரண்டி மாதிரி ஒரு கருவியால் வளையின் சுவரை வெளிவாயிலிருந்து உள்வாய் வரை நன்றாகச் சுரண்டுவார்கள். சலைன் விட்டு அலசுவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடின், மெத்திலீன் நீலம் எதையும் வளைக்குள் விடக் கூடாது, செல் செத்துவிடும். மரத்துப்போக வைக்கும் ஊசியும் வேண்டாம் என்று குறிப்பு. உள்வாயைத் தையல் போட்டு மூடுவார்கள். அதற்குப் பிறகுதான் குப்பி வரும். அடியில் படிந்த செல்கள் கலையும்வரை விரலால் மெல்லத் தட்ட வேண்டும், நுரை வரக் கூடாது. மெல்லிய நீண்ட ஊசியில் ஏற்றி, இரண்டு குப்பியை உள்வாயைச் சுற்றியும் இரண்டு குப்பியை வளையின் சுவர் நெடுகவும், 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல், சின்னச் சின்னக் கொப்புளமாக இறக்க வேண்டும். வளையின் வெற்றிடத்துக்குள் ஊற்றிவிட்டால் அத்தனையும் வீண்.

செல் கலங்கலாக இருக்கும், சலைன் தெளிவாக இருக்கும். ஊசி போடுகிற சர்ஜனை ஏமாற்ற முடியாது. அதனால் அவரைத் தீர்ப்புச் சொல்ல விடவில்லை. யாருக்கு எது போனது என்று தெரியாத வேறொரு மருத்துவர் 24 வாரம் கழித்து வந்து, வெளிவாயைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். ஒரு சொட்டு வந்தாலும் தோல்வி. வராவிட்டாலும் எம்.ஆர்.ஐ.யில் 2 செ.மீ.க்கு மேல் சீழ்த்தேக்கம் இருக்கக் கூடாது. அதைப் படிப்பவருக்கும் நோயாளி எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரு விரலை நம்பி இத்தனை கோடி என்று தோன்றும். ஆனால் நோயாளியின் உள்ளாடை கேட்பதும் அந்த ஒரு கேள்வியைத்தான்.

2016இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. செல் பெற்றவர்களில் 50 சதவீதம், சலைன் பெற்றவர்களில் 34 சதவீதம். முந்தைய 71க்கும் 16க்கும் பக்கத்தில் இது நோஞ்சான்தான். ஆனாலும் புள்ளியியல் கோட்டைத் தாண்டியது. ஓராண்டு கழித்தும் இடைவெளி நின்றது. வாசல்கள் திறந்தன. 1781இல் ஒசாகாவில் மருந்து மளிகையாகத் தொடங்கிய ஜப்பானின் டகேடா, 2018 ஜனவரியில் டைஜெனிக்ஸை 52 கோடி யூரோவுக்கு விலைபேசியது. மார்ச் மாதம் ஐரோப்பிய அனுமதி. பிறர் உடம்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் ஐரோப்பா முழுமைக்குமான அனுமதி வாங்கியது அதுவே முதல் தடவை. ஜப்பான் 2021இல் அனுமதித்தது. பிரிட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டது: குப்பி 13,500 பவுண்டு, நாலுக்கு 54,000, கிடைக்கிற பலனுக்கு இது கட்டாது என்று அங்குள்ள நைஸ் அமைப்பு 2019இல் எழுதிவிட்டது. கருமித்தனம் என்று அப்போது சிலர் திட்டினார்கள்.

ஐரோப்பா முத்திரை குத்தும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. இன்னொரு பெரிய சோதனை நடத்தி முடிவைக் கொண்டுவந்து கொடு என்று. அமெரிக்கக் கதவைத் தட்டவும் டகேடாவுக்கு அது தேவைப்பட்டது. 'அட்மையர் 2' என்று 568 பேர். அதே நாலு குப்பி, அதே 24 மில்லி சலைன், அதே விரல்.

2023 அக்டோபரில் டகேடா தோல்வியை அறிவித்தது. செல் 48.8 சதவீதம். சலைன் 46.3.

இந்த இரண்டு எண்களை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். செல் ஒன்றும் சரிந்துவிடவில்லை. முதல் சோதனையில் 50, இரண்டாவதில் ஏறக்குறைய 49. வாக்கு மாறாத ஆள் அது. ஏறியது சலைன்தான், 34லிருந்து 46க்கு. உப்புநீருக்கு ஏது அவ்வளவு மகிமை? சலைன் பக்கத்து நோயாளிக்கும் தியேட்டரில் என்னவெல்லாம் செய்தார்கள் என்று மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். முன்கூட்டியே சீழ் வடித்தார்கள், வளையைச் சுரண்டினார்கள், அலசினார்கள், உள்வாயைத் தைத்தார்கள். விலை உயர்ந்த செல் செத்துவிடக் கூடாதே என்பதற்காக வகுத்த அத்தனை ஒழுங்கும் சலைன்காரருக்கும் இனாமாகக் கிடைத்தது. கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கல்யாணம் நின்றாலும் வீடு வெள்ளையாகத்தான் இருக்கிறது. 2012 முடிவில் தலைகாட்டிய கைப்பழக்கம், ஊர் ஊராகச் சர்ஜன்களிடம் பரவி, செல்லின் லாபத்தைத் தின்றுவிட்டது என்பது என் வாசிப்பு. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெதர்லாந்துக்காரர்கள் தலைமையில் 2022இல் வந்த இன்னொரு ஆய்வு இதற்குப் பக்கத்தில் நிற்கிறது: க்ரோன் பௌத்திரத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் வகை ஊசிமருந்தோடு உள்வாயைத் தைத்தும் மூடியவர்களில் 32 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ. படி ஆறியிருந்தது, ஊசிமருந்து மட்டும் போட்டவர்களில் 9 சதவீதம். அதில் ஒரு செல்லும் இல்லை.

2024 டிசம்பர் 13ஆம் தேதி அலோஃபிசெல்லின் ஐரோப்பிய அனுமதி முடிவுக்கு வந்தது. ஆபத்தான மருந்து என்பதால் அல்ல. பலன் காட்டவில்லை என்பதால், டகேடாவே கேட்டுக்கொண்டு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், ஐந்தே நாளில், டிசம்பர் 18 அன்று, அமெரிக்கா இதே குலத்தைச் சேர்ந்த ஒரு மருந்துக்கு முதல்முறையாக அனுமதி கொடுத்தது. ரையான்சில், மெல்பர்ன் நகர மெசோபிளாஸ்ட் கம்பெனியுடையது. எலும்பு மஜ்ஜை தானம் பெற்ற குழந்தையின் உடம்பை அந்த மஜ்ஜையே தாக்கி, தோலும் கல்லீரலும் குடலும் வெந்துபோகிற நிலைக்கு அது கொடுக்கப்படுகிறது. அந்தச் செல்லையும் ஒரு காலத்தில் க்ரோன் நோய்க்குப் போட்டுப் பார்த்தார்கள், அங்கே எடுபடவில்லை.

கம்பெனிகள் மேல் எனக்குப் பெரிய பாசம் கிடையாது. இருந்தாலும் இந்தக் கதையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 52 கோடி யூரோ கொட்டி வாங்கிய சரக்கை 568 பேர் கொண்ட தராசில் மறுபடி நிறுத்திப் பார்த்து, எடை குறைகிறது என்று வெளியே சொல்லி, கடையிலிருந்து எடுத்தார்கள். அப்படி எடுக்க வைத்தது சட்டம் போட்ட நிபந்தனை. நிபந்தனை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் வெளிநாடு போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர, வேறு எதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே நோயாளிக்குக் கொடுப்பது முறைகேடு. இருந்தும் கொழுப்பை உறிஞ்சி, அன்றைக்கே சுழற்றி, அன்றைக்கே குத்தி அனுப்புகிற கடைகள் நம் நகரங்களில் பலகை மாட்டிக்கொண்டு இருக்கின்றன. முழங்கால், சர்க்கரை, ஆட்டிசம், குடல் என்று ஒரே குப்பி எல்லாவற்றுக்கும். 20 வருடம் மாட்ரிடிலிருந்து ஒசாகா வரை அலைந்து, 12 கோடியை எண்ணிப் போட்டு, விரலால் அழுத்திப் பார்த்து, உப்புநீரை விட ஒரு படி மேலே என்று காட்ட முடியாமல் போன வேலையை, இவர்கள் ஒரு மத்தியான வேளையில் முடித்துவிடுகிறார்களாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது க்ரோன் பௌத்திரம் இருந்தால், முதலில் குடல் மருத்துவரும் சர்ஜனும் சேர்ந்து பார்க்கிற இடமாகத் தேடுங்கள், எம்.ஆர்.ஐ. எடுத்து, சீழை வடித்து, பொறுமையாகச் சுத்தம் செய்யத் தெரிந்த கை வேண்டும். நடுவில் யாராவது ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கட்டச் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் என்ன? எண்ணைச் சொன்னால் அது ஆய்வு. ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. எண் இல்லை என்றால் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.